அடுத்த வருடம் பார்க்கலாம்



வெற்றி பெறுகிற அணிக்கு ரசிகராக இருப்பது எளிது. கோப்பையைத் தூக்குகிறவர்களுக்காகக் கைதட்ட யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, அதை இகழாமலும் அதைக் கண்டு சிரிக்க மறக்காமலும் இருப்பதுதான் கடினம். இவ்வாரம் அப்படிப்பட்ட ஓர் அணியின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கிரிக்கெட்டில் ஆர்வமில்லாத தாய்மாரும் பெரியோரும் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். இது ஆட்டத்தைக் காட்டிலும் காத்திருத்தலைப் பற்றிய கதை.

இந்திய மாநிலங்களுக்கிடையே நடைபெறும் முதன்மையான கிரிக்கெட் போட்டி ரஞ்சிக் கோப்பை. அதன் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் மதராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நடந்தது. முதல் பந்தை வீசியவர் மதராஸ் அணியின் எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களுக்கும் பின்னர் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. மதராஸ் ஒரே முறை ஆடி எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதுமானதாயின. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பல நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

இவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய அணி கோப்பைகளை அள்ளிக் குவித்திருக்கும் என்றுதான் யாரும் எண்ணுவோம். நடந்தது வேறு. மதராஸ் என்றும் பின்னர் தமிழ்நாடு என்றும் பெயர் தாங்கிய நம் அணி இதுவரை 12 முறை இறுதிப் போட்டிக்குச் சென்றிருக்கிறது. வென்றது இரண்டு முறை. தோற்றது பத்து முறை. பந்தியில் அமர்ந்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்த பிறகு பத்து முறை எழுந்து வர நேர்ந்த விருந்தாளியை எண்ணிப் பாருங்கள். நம் அணியின் நிலை ஏறக்குறைய அதுதான்.

அந்தப் பத்துத் தோல்விகளில் ஐந்து பம்பாய் அணியிடம் கிடைத்தவை: 1936, 1968, 1973, 2003, 2004. கர்நாடகத்திடம் இரண்டு, மகாராஷ்டிரம், டெல்லி, ராஜஸ்தான் ஆகியவற்றிடம் ஒவ்வொன்று. பம்பாயோ, இன்று மும்பை என்ற பெயரில், 42 முறை கோப்பையை வென்றிருக்கிறது. அதிலும் 1959 முதல் 1973 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் அக்கோப்பை பம்பாயை விட்டு நகரவேயில்லை.

அந்தப் பதினைந்தாவது வெற்றி நம் சேப்பாக்கத்தில், நமக்கு எதிராகவே கிடைத்தது. அந்த 1973ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் வெங்கட்ராகவன், வி. வி. குமார் என்ற புகழ்பெற்ற இரு சுழற்பந்து வீச்சாளர்கள் நம் பக்கம் இருந்தார்கள். ஆடுகளமும் சுழலுக்கு உகந்ததாக இருந்தது. முதலில் ஆடிய பம்பாயை 151 ஓட்டங்களுக்குள் மடக்கியபோது நம் ரசிகர்கள் எவ்வளவு நம்பியிருப்பார்கள்! ஆனால் சுழலும் ஆடுகளம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சுழல்வதில்லையே. பம்பாயின் பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 18 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளையும் எடுத்தார். நாம் எடுத்தவை 80 ஓட்டங்களும் 61 ஓட்டங்களும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம்மை அவ்விதம் வீழ்த்திய சிவால்கர், முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட்டுகள் எடுத்தும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை. அவரைப் போன்றே இடக்கையால் சுழற்பந்து வீசிய பிஷன் சிங் பேடி அக்காலத்தில் அணியில் நிலைபெற்றிருந்தார். 2025 மார்ச் மாதத்தில் சிவால்கர் காலமானார். நம் அணியைத் தோற்கடித்தவருக்கும் தாம் விரும்பியது கிட்டவில்லை. நெடுங்காலம் தோல்வியைப் பார்த்த ரசிகருக்கு இதைப் புரிந்துகொள்ளும் கண் உண்டு. எதிரணியின் திறமையை மனமார மெச்சவும், எதிரணிக்காரரின் ஏமாற்றத்துக்காக வருந்தவும் அவர் கற்றிருப்பார்.

இனி வெற்றிகளுக்கு வருவோம். அவை இரண்டே என்பதால் முழுமையாகவே சொல்லிவிடலாம்.

முதல் வெற்றி 1955இல், இந்தூரில். எதிரே நின்றது நான்கு முறை கோப்பை வென்றிருந்த ஹோல்கர் அணி. மதராஸ் அணியின் தலைவர் பாலு அழகணன். பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராகப் பலருக்கும் அறிமுகமானவர். 46 ஓட்டங்கள் வித்தியாசத்தில் மதராஸ் வென்றது. அந்த வெற்றியில் பெரும்பங்கு ஏ. ஜி. கிருபால் சிங்குக்கு உண்டு. அவர் யார் தெரியுமா? 1934இல் அந்த முதல் ஆட்டத்தில் 11 விக்கெட்டுகள் வீழ்த்திய ராம்சிங்கின் மகன். தகப்பன் தொடங்கிவைத்த ஓட்டத்தை மகன் முடித்துவைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் வெற்றிக்கு மேலும் 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் சேப்பாக்கத்தில் ரயில்வே அணிக்கு எதிராக, எஸ். வாசுதேவன் தலைமையில், தமிழ்நாடு 709 ஓட்டங்களைக் குவித்து, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 144 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. வாசுதேவனும் டெஸ்ட் ஆட்டம் ஆடியவரல்லர். கோப்பையைச் சொந்த மண்ணில் கையில் ஏந்திய அந்த நாளோடு கதை நின்றுவிட்டது. அதன் பிறகு ஆறு இறுதிப் போட்டிகள் வந்தன, ஆறிலும் தோல்வி.

அவற்றில் 1996, 2004, 2012 ஆகிய மூன்றும் சேப்பாக்கத்திலேயே நடந்தன. மூன்றிலும் ஆட்டம் முடிவில்லாமல் போனது. முதல் இன்னிங்ஸில் அதிக ஓட்டங்கள் எடுத்த அணிக்குக் கோப்பை போயிற்று. இவ்விதியின் கொடுமை என்னவென்றால், ஐந்து நாள் ஆட்டத்தின் பலனை ஒரு மோசமான பிற்பகலே தீர்மானித்துவிடும். 2012இல் ராஜஸ்தான் 621 ஓட்டங்கள் எடுத்து முடித்தபோதே அரங்கில் இருந்தவர்களுக்கு விளைவு விளங்கியிருக்கும். எஞ்சிய நாட்களிலும் வந்து அமர்ந்தவர்களை நான் எண்ணிப் பார்க்கிறேன். 2015இல் மும்பையில் நடந்த இறுதிப் போட்டியில் கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 ஓட்டங்கள் எடுத்தார். நம் அணி அனைவரும் சேர்ந்து முதல் இன்னிங்ஸில் எடுத்தது 134. 2024 அரையிறுதியில் மும்பையிடம் மீண்டும் தோல்வி. 2025 காலிறுதியில் விதர்பாவிடம் தோல்வி.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இது திறமையற்ற அணி அன்று. ஒரு நாள் போட்டிகளுக்கான விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறையும், இருபது ஓவர் போட்டிகளுக்கான சையது முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறையும் வென்றிருக்கிறது. சிறிய ஓட்டங்களில் வெல்கிறவர்களுக்கு நெடிய ஓட்டம் மட்டும் கைகூடாமல் நழுவுகிறது. அதனால்தான் அதன் ரசிகருக்கு ஒவ்வோர் ஆண்டும் நம்பிக்கை பிறக்கிறது. முற்றிலும் நம்பிக்கையற்ற அணியைப் பின்தொடர்வதில் வருத்தமும் குறைவு. வாசல்படி வரை வந்து திரும்பும் அணியே மனத்தை வாட்டுகிறது.

இதே அனுபவம் கடலுக்கு அப்பாலும் உண்டு. நம் மதுரைப் பகுதிக்கு 1834 முதல் மிஷனெரிகளை அனுப்பிய அமெரிக்க நாட்டின் மக்கள் விரும்பி ஆடும் ஆட்டம் பேஸ்பால். நியூயார்க் நகரின் ஒரு பகுதியான புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்றொரு பேஸ்பால் அணி இருந்தது. 1916 முதல் 1953 வரை ஏழு முறை இறுதித் தொடருக்குச் சென்று ஏழு முறையும் தோற்றது. அவற்றில் ஐந்து தோல்விகள் அதே நகரத்துச் செல்வாக்கு மிக்க யாங்கீஸ் அணியிடம். நமக்குப் பம்பாய் எப்படியோ, அவர்களுக்கு யாங்கீஸ் அப்படி. புரூக்ளின் மக்கள் தங்கள் வீரர்களை ‘உதவாக்கரைகள்’ என்ற பொருள்படும் சொல்லால் செல்லமாக அழைத்தார்கள். வீட்டுப் பிள்ளையை வீட்டார் மட்டுமே ஏசலாம் என்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தானே! ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவர்கள் சொல்லிக்கொண்டது ஒரே வாசகம்: ‘அடுத்த வருடம் பார்க்கலாம்.’

அந்த அடுத்த வருடம் 1955 அக்டோபர் 4 அன்று வந்தது. ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணி யாங்கீஸை 2-0 என்று வென்றது. மதராஸ் அணி இந்தூரில் வென்ற அதே ஆண்டு! ஆயினும் அக்கதை அங்கே இனிமையாக முடியவில்லை. 1957ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அணியின் உரிமையாளர் அதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார். 1960இல் பழைய மைதானம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. தோல்விகளையெல்லாம் தாங்கிய மக்களால் அந்தப் பிரிவைத் தாங்க முடியவில்லை. தோற்பதற்கேனும் ஓர் அணி நமக்கு இருப்பது எத்தகைய பாக்கியம் என்பதை அவர்கள் அப்போதுதான் அறிந்திருப்பார்கள்.

சேப்பாக்கத்து ரசிகர்களின் மனப்பான்மைக்கு உலகமே சாட்சியாக இருந்த நாள் ஒன்று உண்டு. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 271 ஓட்டங்கள். முதுகுவலியோடு போராடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்தபின், எஞ்சிய விக்கெட்டுகள் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. கணப்பொழுது அரங்கம் அமைதியாயிற்று. பிறகு மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினார்கள். அந்த வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்படிக் கைதட்ட ஒரே நாளில் யாரும் கற்றுவிட முடியாது. அதற்கு முன் பலமுறை தோற்றுப் பழகிய கைகளாக அவை இருந்திருக்க வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் அணியும் மஞ்சள் சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் காவிரிப் போராட்டத்தின் காரணமாகப் புனே நகருக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் சிறப்பு ரயில் ஏறி அங்கே சென்றார்கள். அவ்வாண்டு அணி கோப்பையை வென்றது. அதே அணி 2025இல் பட்டியலில் கடைசி இடத்துக்கு இறங்கியபோது, சட்டையை மடித்து வைத்தவர்களும் உண்டு. வீரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கைப்பேசியில் ஏசியவர்களும் உண்டு. ரஞ்சி ஆட்டங்களிலோ சேப்பாக்கத்தின் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

தோல்வியைச் சிரிப்போடு ஏற்பது குறைகளைக் கண்டும் காணாதிருப்பது என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான ரசிகரே அணியின் கடுமையான விமர்சகர். யாரைச் சேர்த்திருக்க வேண்டும், எந்தப் பந்தை விட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் பேசும்போது ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று சொல்வதில்லை. ‘நாம் தோற்றோம்’ என்கிறார். அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது எல்லாம்.

மேலூர்க்காரர்களாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பெரியாறு கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்கள் நீங்கள். அணை திறந்த பிறகும் தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேருமா என்ற ஐயம் தீராது. ஆயினும் வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பை வெட்டி வைக்கிறீர்கள். ‘போன வருடம் வரவில்லையே’ என்று மண்வெட்டியை எறிந்துவிட்டவரின் வயலில், தண்ணீர் வந்தாலும் நிற்பதற்கு வரப்பு இராது. கோப்பையும் அப்படித்தான். 1988இல் அதன் மகிழ்ச்சியை முழுமையாக அனுபவித்தவர்கள், 1973லும் அங்கே இருந்தவர்களே.

நம் தெருவிலும் நம் வீட்டிலும் இப்படி வாசல்படி வரை சென்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் முறையாகத் தேர்வெழுதி, சில மதிப்பெண்களில் வேலையை இழந்த மகள். இரண்டு முறை கடை வைத்து மூடிய தம்பி. அவர்கள் ஊருக்குள் தலைகாட்டத் தயங்கும்போது நாம் அவர்களைப் பற்றி எந்தச் சொல்லால் பேசுகிறோம்? ‘அவர்கள்’ என்றா, ‘நாம்’ என்றா? அவர்களுக்குப் புத்திமதி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. பக்கத்தில் அமர்ந்து, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, கேலியில்லாமல் சிரிக்கவைத்து, ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று சொல்ல ஆட்கள் குறைவு.

ரஞ்சி ஆட்டங்கள் இவ்வருடமும் வரும். தமிழ்நாடு வெல்லுமா என்று என்னைக் கேட்காதீர்கள். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் சென்னைக்குச் செல்ல நேர்ந்தால், உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்துவிட்டு வாருங்கள். இடம் நிச்சயம் கிடைக்கும்.