பருப்பு வேகாத தண்ணி

மெட்ராஸ்ல இருக்கிற சொந்தக்காரங்க வந்தா, எங்க கிணத்துத் தண்ணியை வாயில வச்சதும் முகத்தைச் சுளிப்பாங்க. இந்த மண்ணோட தண்ணி ஒரு காலத்துல நகரத்துக்குப் போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. அதனால அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

எங்க ஊர் மீஞ்சூர் பக்கம். ஆரணியாத்துக்கும் கொசஸ்தலை ஆத்துக்கும் நடுவுல இருக்கிற பூமி. ரொம்பப் பழைய காலத்துல பாலாறு இந்தப் பக்கமா ஓடி, மணலைக் கொட்டிட்டுத் திசை மாறிடுச்சுன்னு நிலவியல்காரங்க சொல்றாங்க. அந்த மணலுக்குள்ளதான் தண்ணி.

1966லேர்ந்து 1969 வரைக்கும் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோட இந்தப் படுகையில நிலத்தடி நீர் ஆய்வு நடந்துச்சு. துளை போட்டு, எந்த ஆழத்துல மணல், எதுல களிமண், இறைச்சா மட்டம் எவ்வளவு இறங்குது, எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு கணக்கெடுக்கறதுதான் இந்த மாதிரி வேலை. அதுக்கப்புறம் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு வரிசையா குழாய்க் கிணறு வந்துச்சு. தண்ணி நகரத்துக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் போச்சு.

தண்ணி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சது நல்ல விஷயம்தான். எவ்வளவு எடுக்கலாம்ங்கிறதுலதான் கோட்டை விட்டோம். நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, அது கீழே சுமார் 40 அடி வரைக்கும் உப்பை அண்ட விடாது. அந்த ஒரு அடியை இறைச்சுட்டா? உப்பு உள்ளே வந்துடும். கடற்கரைப் பக்கமிருந்து வருஷா வருஷம் அப்படித்தான் வந்துச்சு.

பழியை நகரத்து மேலயே போட மாட்டேன். நாங்களும் மோட்டார் போட்டு மூணு போகம் வச்சோம். அப்பா ராத்திரி கரண்ட் வந்தாலும் எழுந்து ஓடுவாரு.

எங்க வீட்டுல முதல்ல கண்டுபிடிச்சது அம்மா. "ஏன்டா, பருப்பு வேகவே மாட்டேங்குது"ன்னாங்க. கடைக்காரர் பழைய பருப்பைக் கொடுத்துட்டாருன்னு அவரோட சண்டையே போட்டாங்க, பாவம். அடுத்து சோப்பு நுரைக்கல. அப்புறம் நாத்து நுனி கருகுச்சு.

நிலத்தடி நீரை எடுக்கக் கட்டுப்பாடு வச்சு 1987ல சென்னைக்கும் சுத்துப்பட்டு கிராமங்களுக்கும் சட்டம் வந்துச்சு. அதுக்குள்ள எங்க கிணறு உவர்ப்பாயிடுச்சு.

2010ல காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்துற ஆலை திறந்தாங்க, நகரத்துக்காக. எங்க வீட்டுச் சமையலுக்கு இன்னைக்கும் கேன் தண்ணிதான்.