ஸ்பென்சரை எரித்தது நெருப்பு, பிரித்தது யார்?

ஸ்பென்சர் பிளாசான்னா நம்மாளுங்களுக்கு ஓசி ஏசிதான் முதல்ல ஞாபகம் வரும். ஆனா அந்த இடத்தோட கதை ரொம்பப் பழசுங்க.

1863 வாக்கில் டூரன்ட், ஸ்பென்சர்னு ரெண்டு வெள்ளைக்காரங்க மவுண்ட் ரோட்டில் ஒரு கடை போட்டாங்க. அங்க வேலைக்குச் சேர்ந்த யூஜின் ஓக்‌ஷாட் பின்னாடி முதலாளியே ஆயிட்டார். 1895-ல் போக்சன் என்ற கட்டடக்கலைஞர் வரைந்த இந்தோ-சாரசெனிக் மாளிகைக்குக் கடை குடிபோச்சு. திண்டுக்கல் சுருட்டு, கன்னிமரா ஓட்டல், ரயில்வே கேன்டீன்னு கம்பெனி கை வைக்காத இடமில்லை. மளிகை, மருந்து, மது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. வாங்குனது பெரும்பாலும் துரைமாரும் பணக்காரங்களும்தான், அது வேற விஷயம்.

1983-ல் தீ. மாளிகை போச்சு.

அப்புறம் என்ன கட்டுறது? கடை மட்டும் கட்டினா கட்டுபடியாகாது. கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள்னு கலந்து கட்டினாங்க. 1991-ல் முதல் கட்டம் திறந்தது. அடுத்தடுத்து இன்னும் ரெண்டு கட்டம். ஒண்ணுல நுழைஞ்சு இன்னொண்ணுல வெளியே வந்து, வண்டி விட்ட இடம் தெரியாம முழிச்சவங்க கை தூக்குங்க பார்ப்போம் :-)

இங்கதான் சிக்கலே. கடைகளைத் தனித்தனியா வித்துட்டாங்க. அன்னைக்கு அது புத்திசாலித்தனம், முதலீடு சீக்கிரம் திரும்புமில்ல? ஆனா 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்து கூட்டத்தை இழுத்தப்போ, மொத்த மாலையும் புதுப்பிக்கணும்னா நூத்துக்கணக்கான சொந்தக்காரங்க ஒத்துக்கணும். நடக்கிற காரியமா? ஒரே முதலாளி இருக்கிற மால்னா எந்தக் கடை எங்க வரணும்னு அவரே முடிவு பண்ணிடுவார். தீயில எரிஞ்ச கட்டடத்தைத் திரும்பக் கட்டிட்டாங்க; துண்டு துண்டா வித்த பத்திரத்தை என்ன பண்றது?

மூர் மார்க்கெட் கதை இன்னும் மோசம். 1985-ல் எரிஞ்சது, இடம் ரயில்வேக்குப் போச்சு, வியாபாரிங்க அல்லிக்குளம் போனாங்க. அதோட பார்த்தா ஸ்பென்சர்ல கடையாவது மிஞ்சிச்சு.

இதெல்லாம் வேங்கிக்கால்ல உட்கார்ந்துகிட்டு எதுக்குன்னு கேட்கலாம். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாச்சு, இங்க கலெக்டர் ஆபீஸ் வந்துச்சு. வேலூர் ரோட்டோரமும் கடை கடையாத்தான் வளர்ந்துகிட்டிருக்கு. நாளைக்கு இங்க யாராவது பெரிய காம்ப்ளக்ஸ் பிளான் போட்டா, மாடி எத்தனைன்னு அப்புறம் கேட்டுக்கலாம். கடையை விற்கப் போறீங்களா, வாடகைக்கு விடப் போறீங்களா? நான் முதல்ல அதைத்தான் கேட்பேன்.