மெய்நிகர் திரையில் கர்சர்: 2014 என்ற தேதிக்கு ஒரு மறுப்பு

லினக்ஸ் கெர்னலின் மெய்நிகர் திரை டிரைவர்களில் கர்சர் கோளாறு எப்போது புகுந்தது? விஎம்வேர் நிறுவனத்தின் ஸாக் ரூசின் 2022இல் முன்வைத்து, 2023 இறுதியில் ஏற்கப்பட்ட திருத்தத் தொகுப்பில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. முதல் திருத்தத்தின் அடியில் 'ஃபிக்ஸஸ்' என்று தொடங்கும் வரி, 2014இல் இன்டெல்லின் மேட் ரோப்பர் கொண்டுவந்த 'யுனிவர்சல் பிளேன்' மாற்றத்தைக் குற்றவாளியாகக் காட்டுகிறது. ரூசினின் திருத்தம் சரியானது. தேதிதான் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோளாறு இன்னதென்று முதலில் பார்த்துவிடலாம். அவிநாசியில் ஒரு பொறியியல் மாணவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் லினக்ஸை ஓட்டுகிறார் என்று கொள்வோம். உள்ளே ஓடும் லினக்ஸ் கர்சரின் படத்தை மட்டும் கொடுக்கிறது. அதைத் திரையில் வரைந்து, கையோடு நகர்த்துவது வெளியே இருக்கும் விண்டோஸ். அப்போதுதான் மவுஸ் தடங்கலின்றி ஓடும். ஆனால் அந்தப் படத்தில் கிளிக் விழவேண்டிய பிக்சல் எது என்பதையும் வெளிக்கணினிக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிக்சலுக்கு ஹாட்ஸ்பாட் என்று பெயர். அம்புக்குறிக்கு அது இடது மேல் மூலையை ஒட்டி இருப்பதால் சொல்லாவிட்டாலும் பிழை கண்ணில் படாது. 24 பிக்சல் அகலமுள்ள கூட்டல்குறிக் கர்சரில் அது நடுவில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கிளிக் 12 பிக்சல் தள்ளி விழும்.

நிஜமான கிராபிக்ஸ் கார்டுக்கு இந்தத் தகவல் தேவையே இல்லை. படத்தின் மூலை எங்கே வரவேண்டும் என்று மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும். ஹாட்ஸ்பாட்டைக் கழித்துக் கணக்குப் போடுவது மேலே உள்ள மென்பொருளின் வேலை. நிஜக் கார்டை மனத்தில் வைத்து வகுத்த விதிகள் மெய்நிகர் கார்டுக்கு ஒத்துவராமல் போனதுதான் இந்த வரலாறு முழுவதும்.

ரூசின் தம் குறிப்பில் சொல்லும் காரணம் இது. யுனிவர்சல் பிளேன் விதிப்படி, கர்சர் பிளேன் என்பது எந்தப் படத்தையும் எங்கும் வைக்கக்கூடிய ஒரு பொது அடுக்கு. மெய்நிகர் டிரைவர்களிலோ அது மவுஸ் கர்சராக மட்டுமே நடந்துகொள்ளும், ஹாட்ஸ்பாட்டும் கேட்கும். எனவே ஒப்பந்தம் மீறப்படுகிறது. வெஸ்டன் போன்ற திரை நிர்வாக மென்பொருள்கள் இதில் அடிபட்டன. க்னோம் ஷெல்லும் கேவின்னும் இந்த டிரைவர்களைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டுப் பழைய வழியிலேயே ஓடித் தப்பித்தன. ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. மீறியது யார், எப்போது என்பதில்தான் சிக்கல்.

ரோப்பரின் மாற்றம் 3.15 கெர்னலில் வந்தது. கர்சர் பிளேன்களைப் பார்க்க விரும்பும் மென்பொருள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். கேட்டாலும், டிரைவர் அப்படி ஒரு பிளேனைப் பதிவு செய்திருந்தால்தானே கிடைக்கும்? அன்று இருந்த மெய்நிகர் டிரைவர்களில் கியூஎக்ஸ்எல், விஎம்வேரின் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் இரண்டும் கர்சரைப் பிளேனாகக் கொடுக்கவில்லை. பழைய அழைப்பு வழியாகவே கையாண்டன. திரை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செலுத்தும் 'அட்டாமிக்' முறைக்கு மாறி, இரண்டும் கர்சரைப் பிளேனாகக் கொடுத்தது 4.12 கெர்னலில், அதாவது 2017 ஜூலையில். இல்லாத பிளேன் 2014இல் எந்த ஒப்பந்தத்தையும் மீறியிருக்க முடியாது.

அந்தத் திருத்தத்தின் அடிவரிகளிலேயே இன்னொரு முரணும் இருக்கிறது. ஃபிக்ஸஸ் வரி 2014ஐக் காட்ட, அதையடுத்த வரி, பராமரிப்பிலுள்ள பழைய கெர்னல்களில் 5.4 முதல் இத்திருத்தத்தைச் சேர்க்கும்படி கேட்கிறது. 5.4 வெளியானது 2019 நவம்பரில். திருத்தம் எழுதப்பட்ட நாளில் 4.14, 4.19 ஆகியவையும் பராமரிப்பில் இருந்தன, அவை விடப்பட்டிருக்கின்றன. பழைய நிரலில் பொருத்துவது கடினம் என்பது காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், ஃபிக்ஸஸ் வரி பராமரிப்பாளருக்கான முகவரிச்சீட்டு. அதை வரலாற்றுத் தீர்ப்பாக வாசிப்பது அதன்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றுவதாகும்.

காரணத்தைத் தேடினால் பின்னோக்கித்தான் போகவேண்டியிருக்கிறது. 2013இல் ரெட் ஹாட்டின் டேவ் ஏர்லி, கியூஎக்ஸ்எல்லுக்காக 'கர்சர்2' என்ற புதிய அழைப்பைச் சேர்த்தார். வெளிக்கணினிதான் கர்சரை வரைந்து கிளிக்கைப் புரிந்துகொள்கிறது, ஆகவே ஹாட்ஸ்பாட் அதற்குத் தெரிய வேண்டும் என்று அவரே விளக்கியிருக்கிறார். ஆக, ரோப்பரின் மாற்றத்துக்கு ஓராண்டு முன்பே தேவை எழுத்தில் பதிவாகிவிட்டது.

அதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. 2010 பிப்ரவரியில் 2.6.33 கெர்னலின் சோதனைப் பகுதியில் விஎம்வேரின் டிரைவர் சேர்ந்தது. அந்த டிரைவருக்கென்றே 'கர்சர் பைபாஸ்' என்றொரு தனி அழைப்பு உண்டு. அதன் தரவமைப்பில் எக்ஸ்பாஸ், ஒய்பாஸ் என்ற இருப்பிடப் புலங்களை அடுத்து எக்ஸ்ஹாட், ஒய்ஹாட் என்று இரண்டு. ஹாட்ஸ்பாட்டை வெளிக்கணினிக்குக் கொண்டுசேர்க்கப் பொது வழி இல்லாததால், விஎம்வேர் தனக்கென வெட்டிக்கொண்ட பக்கவாய்க்கால் இது. பெயரே 'பைபாஸ்'! ரூசினின் சொந்த நிறுவனத்து நிரலிலேயே இருக்கும் இந்தச் சான்று, 2014ஐத் தொடக்கமாகக் கொள்ளும் வாசிப்பை வலுவிழக்கச் செய்கிறது.

இடையில் ஒரு தவறான இருப்பிடமும் உண்டு. யுனிவர்சல் பிளேன் வந்தபின், ஹாட்ஸ்பாட்டை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டபோது, படச்சட்டகத் தரவமைப்பான ஃப்ரேம்பஃபரில் ஹாட்எக்ஸ், ஹாட்ஒய் என்று இரு புலங்கள் சேர்க்கப்பட்டன. பழைய கர்சர் அழைப்பு மட்டுமே அவற்றை நிரப்பும் என்று அங்கேயே குறிப்பும் எழுதப்பட்டது. அட்டாமிக் வழியில் வரும் மென்பொருளுக்கு அவற்றைத் தொட வழியே இல்லை. ரூசினின் தொகுப்பு செய்த பெரிய வேலை, ஹாட்ஸ்பாட்டை அங்கிருந்து எடுத்துப் பிளேனின் நிலைத் தரவுக்கு மாற்றியதுதான். நோய் எங்கே இருந்தது என்பதை அவருடைய ஃபிக்ஸஸ் வரியைவிட இந்த இடமாற்றம் தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொரு மெய்நிகர் டிரைவரான விர்ட்டியோ-ஜிபியுவின் கதை சற்று வேறு. 2015இல் 4.2 கெர்னலில் அது சேர்ந்தது. அட்டாமிக் அழைப்பு இயல்பாகத் திறந்துவிடப்பட்டதும் அதே வெளியீட்டில்தான். அதன் வரையறையில் கர்சருக்கென்றே தனி வரிசை உண்டு. கனமான வரைதல் கட்டளைகளுக்குப் பின்னால் மவுஸ் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. கர்சரை மாற்றும் கட்டளையிலேயே ஹாட்ஸ்பாட்டுக்கு இடமும் விட்டிருந்தார்கள். கருவியின் வரையறை தெளிவாக இருக்க, கெர்னலின் பொது இடைமுகம்தான் தகவலைக் கொண்டுவரத் தவறியது. ஆகவே இந்த டிரைவருக்கு 2017 என்ற தேதியை அப்படியே நீட்டிவிட முடியாது.

திருத்தத்தின் தேதியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ரூசினின் தொகுப்பு கொண்டுவந்த புதிய வசதியை விளக்கும் தலைப்புக் கோப்பு, அட்டாமிக் மெய்நிகர் டிரைவர்களில் இது 6.6 கெர்னல் முதல் உண்டு என்கிறது. 6.6 வெளியானது 2023 அக்டோபர் 29. திருத்தங்கள் கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மின் கிளையில் சேர்ந்ததோ நவம்பர் இறுதியில். பொதுவெளியீட்டில் வந்தது 6.8இல், 2024 மார்ச் 10 அன்று. 2023 நடுவில் மறுபதிப்புகள் சுற்றுக்கு வந்தபோது அடுத்த இலக்கு 6.6ஆக இருந்திருக்க வேண்டும். அப்போது எழுதிய எண் பின்னர் திருத்தப்படாமல் நின்றிருக்கலாம். இது ஊகமே. ஆனால் கோப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்பி மென்பொருள் எழுதுபவர் 6.6இல் ஏமாந்துபோவார்.

கிடைக்கும் சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு இது: ஹாட்ஸ்பாட்டுக்குப் பொது வழி இல்லாத குறை 2010க்குள் தெரிந்திருந்தது, 2013இல் பாதி அடைக்கப்பட்டது, கியூஎக்ஸ்எல்லிலும் விஎம்வேர் டிரைவரிலும் 2017இல் கோளாறாக வெடித்தது. 2014ஐ அந்த வரிசையில் ஒரு படியாக வைக்கலாம், தொடக்கமாக வைக்க முடியாது. விர்ட்டியோவுக்கான தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.