எச்.ஐ.வி சேவைகளின் உள்ளாட்சி நிருவாக மதிப்பீடு

எச்.ஐ.வி சேவைகளின் உள்ளாட்சி நிருவாக மதிப்பீடு என்பது, ஒரு மாவட்டத்திலோ ஊராட்சி ஒன்றியத்திலோ எச்.ஐ.வி பரிசோதனை, ஆலோசனை, கூட்டு மருந்துச் சிகிச்சை, சமூக உதவி ஆகியவற்றை யார் நடத்துகின்றனர், யார் யாருக்குப் பொறுப்புச் சொல்கின்றனர், சேவை தேவைப்பட்டவருக்கு அது இறுதிவரை கிடைத்ததா என்பனவற்றை ஆராய்வதாகும். நோயின் பரவலை அளப்பது வேறு, நிருவாகத்தை அளப்பது வேறு. பரவல் குறைந்த மாவட்டத்திலும் நிருவாகம் பழுதுபட்டிருக்கக் கூடும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தையும், அதன் காணை ஊராட்சி ஒன்றியம் போன்ற ஊரகப் பகுதிகளையும் முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் 1986 ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் மரு. சுனிதி சாலமன் இவ்வாய்வுக்கு வழிகாட்டினார். 1992 இல் நடுவண் அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அரசுத் துறையாக இல்லாமல் பதிவு பெற்ற சங்கமாக அமைந்ததால், நிதி கருவூலத்தில் தேங்காமல் செலவிட வழி பிறந்தது. பிற மாநிலங்களும் பின்னர் இம்முறையையே மேற்கொண்டன.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்பட்டது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை தொடக்கத்திலேயே இச்சிகிச்சை வழங்கிய மையங்களுள் ஒன்று. தென்னார்க்காட்டு ஊர்களில் இருந்து மாத்திரைக்காகத் தாம்பரம் வரை செல்வது என்பது ஒரு நாள் கூலியை இழப்பதோடு பேருந்துச் செலவையும் ஏற்பதாகும். சேவையை மாவட்டத்திற்கும் வட்டத்திற்கும் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய நடைமுறைத் தேவையில் இருந்தே வலுப்பெற்றது.

மாவட்டமும் காணையும்

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, விழுப்புரம் தொடருந்துச் சந்திப்பு, திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்கும் கிருட்டிணகிரிக்கும் பிரியும் சாலைகள் ஆகியன இதனை ஒரு போக்குவரத்து மையமாக ஆக்கியுள்ளன. சரக்குந்து ஓட்டுநர்கள் இதன் வழியே செல்கின்றனர். ஊரக மக்களோ கரும்பு வெட்டுவதற்கும் செங்கற்சூளை வேலைக்கும் பருவந்தோறும் வெளியூர் செல்கின்றனர். நகரும் மக்கள்தொகையை ஊர்வாரியான பதிவேட்டால் பின்தொடர்வது எளிதன்று.

காணை, மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றாகும். இப்பகுதி மக்களுக்கு முதற்படி அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கு செய்யப்படும் விரைவுப் பரிசோதனையில் எதிர்வினை தென்பட்டால், அது முடிவாகக் கொள்ளப்படுவதில்லை. நம்பிக்கை மையம் என அழைக்கப்படும் ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளின் வழியே தொற்று உறுதி செய்யப்படுகிறது. பின்னர் சிகிச்சை மையத்தில் பதிவு. உயர்நிலை மருத்துவத்திற்கு, 2010 இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இந்த ஒவ்வொரு படிக்கும் இடையிலுள்ள பயணத்திலேயே மக்கள் நழுவிப் போகின்றனர்.

யாருக்கு அதிகாரம்

73 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில் சுகாதாரமும் மருத்துவமனைகளும் ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் நடைமுறை வேறு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும், வட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழும், கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் இயங்குகின்றன. எச்.ஐ.வி திட்டமோ மாநிலச் சங்கத்தின் வழியே வருகிறது. காணையில் பரிசோதிக்கப்படும் ஒருவர் இந்த எல்லைகளை எல்லாம் கடந்தே சிகிச்சையை அடைகிறார். அவை தனித்தனித் துறைகள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டியதும் இல்லை.

இவற்றை இணைப்பதற்காக, 2007 இல் தொடங்கிய மூன்றாம் கட்டத் தேசியத் திட்டத்தில், தொற்று மிகுந்த மாவட்டங்களில் மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகுகள் அமைக்கப்பட்டன. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மேற்பார்வை ஒப்படைக்கப்பட்டது. ஆட்சியர் தலைமை ஏற்பதால் வருவாய், கல்வி, சமூக நலம் ஆகிய துறைகளும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஆனால் ஆட்சியர் மாறும்போது குழுவின் வேகமும் மாறுவதே இதன் குறையாகும்.

ஊராட்சிக்கு எஞ்சுவது, ஊராட்சித் தலைவர் பங்குபெறும் கிராம சுகாதாரம், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழுவும் கிராம சபையுமே. அதுவும் எப்போதும் இருந்ததில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களோடு விழுப்புரத்திலும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நிருவகித்தனர். அனைவருக்கும் உடனடியாகச் சிகிச்சை தொடங்கும் கொள்கை (2017), எச்.ஐ.வி சட்டம் நடைமுறைக்கு வந்தது (2018), கோவிட் முடக்கம் (2020) ஆகிய மூன்றும் இக்காலத்திலேயே நிகழ்ந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லாத ஊராட்சியில் உள்ளாட்சியின் பங்கை மதிப்பிட முற்படுவது பொருளற்றதாகும்.

எதனை அளப்பது

மாநில அரசின் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 2001-02 இல் 1.13 விழுக்காடாக இருந்த தொற்றுப் பரவல் 2020-21 இல் 0.18 விழுக்காடாகக் குறைந்தது. இது பெரும் வெற்றியே. எனினும் ஒரு மாவட்டத்தின் செயல்பாட்டை இவ்வெண்ணால் அறிய முடியாது. ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் அமைப்பு 2025 ஆம் ஆண்டிற்கு வகுத்த 95-95-95 இலக்கு இதற்குப் பொருத்தமான அளவுகோலாகும். தொற்றுள்ளோரில் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிந்திருத்தல், அறிந்தோரில் 95 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுதல், பெறுவோரில் 95 விழுக்காட்டினருக்கு வைரசு அளவு ஒடுங்கியிருத்தல் என்பன இதன் மூன்று படிகளாகும். வழக்கமான மாத அறிக்கைகளோ எத்தனை பரிசோதனை, எத்தனை முகாம், எத்தனை பேரணி என்பதையே முன்னிறுத்துகின்றன.

தாய்-சேய்த் தொற்றுத் தடுப்பு, நிருவாகத்தின் தரத்தைத் தெளிவாகக் காட்டும் இடமாகும். எந்தத் தலையீடும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையான சிகிச்சையால் இதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவரலாம். கருவுற்றதும் பரிசோதனை, தாய்க்கு உடனே மருந்து, குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதற் சோதனை, 18 ஆவது மாதத்தில் இறுதி உறுதிப்பாடு எனத் தொடர் நீள்கிறது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இங்கே குறுக்கிடுகிறது. காணையில் பதிவான பெண் திருவண்ணாமலையிலோ கடலூரிலோ பிள்ளை பெறுகிறார். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் திரும்புகிறார். அந்த இடைவெளியில் குழந்தையின் சோதனைக்கு எந்த மாவட்டம் பொறுப்பு? நல்ல மதிப்பீடு இவ்வினாவை எழுப்ப வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் தொலைபேசியில் பேசி இவ்விடைவெளியை அடைப்பது எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

சாத்தூர் நிகழ்வு

இணைப்பு அறுபட்டால் நேர்வது என்ன என்பதை 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் வெளிப்பட்ட நிகழ்வு காட்டியது. அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டது. குருதி சிவகாசி அரசு குருதி வங்கியில் இருந்து வந்தது. குருதி அளித்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016 இலேயே சோதனையில் தெரிந்திருந்தும், அவருக்கு அது சென்று சேரவில்லை. பின்னர் வேறொரு சோதனையில் தம் நிலையை அறிந்த அவர் தாமே முன்வந்து மருத்துவமனைக்குத் தெரிவித்தார். சில நாள்களில் அவர் உயிரிழந்தார். அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2019 இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தச் சோதனை நிறைவேறிய ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

இரகசியமும் ஊரறிவும்

2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலின்றிச் சோதனை செய்வதும், ஒருவரின் நிலையைப் பிறருக்கு வெளிப்படுத்துவதும், வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதும் இச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. முறையீடுகளை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை அமர்த்த வேண்டும். அவர் 30 நாள்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

ஊரக நிருவாகத்தில் இச்சட்டம் ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் எச்.ஐ.வி தொற்றுள்ள உழவருக்கும் வேளாண் தொழிலாளருக்கும் மாதாந்திர உதவித்தொகைக்கு இடமுண்டு. விண்ணப்பம் வருவாய்த் துறை வழியே செல்கிறது. உதவி பெற வேண்டுமாயின் உள்ளூர் அலுவலருக்கு நோய் தெரிய வேண்டும். தெரிந்தால் தெருவுக்கும் தெரியலாம் என்ற அச்சத்தால் விண்ணப்பிக்காதோர் உளர். பயனாளிகள் குறைவு என்பதை மட்டும் கண்டு தேவை குறைவு என முடிவு செய்யும் மதிப்பீடு தவறானது. ஊராட்சி எண்ணிக்கையை அறியலாம், பெயரை அறியக் கூடாது என்பதே இதில் கடைப்பிடிக்க வேண்டிய எல்லையாகும்.

கூவாகம்

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் திருநங்கைகள் கூடுகின்றனர். விழாவை ஒட்டி விழுப்புரம் நகரில் விடுதிகள் நிறையும்; அழகிப் போட்டியும் எச்.ஐ.வி விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடைபெறும். 2008 இல் தமிழ்நாட்டில் திருநங்கையருக்கான நல வாரியம் அமைக்கப்பட்டது. ஆண்டில் சில நாள்கள் மட்டும் வந்து செல்வோருக்கு அளிக்கப்படும் சேவையின் தொடர்ச்சி அவரவர் சொந்த ஊரிலேயே அமைகிறது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது கூவாகம் அம்மாவட்டத்திற்குச் சென்றது. விருந்தினர் தங்குவது பெரும்பாலும் விழுப்புரத்தில், வழிபாடு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் என ஒரே விழாவின் பணிகள் இரு மாவட்டக் கணக்குகளில் பிரிகின்றன. 2019 க்கு முந்தைய விழுப்புரம் மாவட்டப் புள்ளிவிவரங்களைப் பிந்தையவற்றோடு அப்படியே ஒப்பிடுவோர் இப்பிரிவினையைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். இல்லையெனில் மாவட்ட எல்லை மாறியதால் வந்த குறைவு, நோய் குறைந்ததாகத் தோன்றும்.