நாட்டின் காவலும் தனிமனித உரிமையும்

உரிமையின்றி வாழ்வு சிறவாது. காவலின்றி உரிமை நிலையாது. இவ்விரண்டும் முரணும்பொழுது எதற்கு முதலிடம் என்னும் வினாவினும், அதனை முடிவுசெய்பவர் யாவர் என்னும் வினாவே வரலாற்றிற் பெரிதாக நிற்கின்றது.

அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பயின்றவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில். அவர் தொழிலாளர் பக்கம் நின்று லங்கா சமசமாசக் கட்சியின் மேடைகளிற் பேசலானார். தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் 1937இல், 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றைக் கொண்டு அவரை நாடுகடத்த ஆணையிட்டார். பிரேஸ்கேடில் மறைந்தார்; பின்னர்க் காலிமுகத்திடற் கூட்டத்தில் வெளிப்பட்டார்; கைதானார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின்முன் வந்தது. அக்கட்டளை நெருக்கடிக் காலத்துக்கே உரியது, அமைதிக் காலத்தில் அதனைக் கையாளுதல் தகாது எனக் கண்டு நீதியரசர்கள் அவரை விடுவித்தனர்.

ஆயின், உண்மையாகவே நெருக்கடி சூழ்ந்தகாலை யாது செய்வது? போர்க்கால இங்கிலாந்தில், பகைத்தொடர்புடையவரென நம்புதற்குத் தகுந்த காரணமிருப்பின் ஒருவரை வழக்கு விசாரணையின்றித் தடுத்துவைக்க உள்நாட்டமைச்சருக்கு அதிகாரமிருந்தது. காரணம் தகுந்ததா என நீதிமன்றம் ஆராய்தல் கூடாதென 1941இல், லிவர்சிட்ஜ் வழக்கில், பிரபுக்கள் சபை நீதிபதிகள் நால்வர் தீர்த்தனர். அற்கின் பிரபு ஒருவரே மறுத்தார்.

அம்மறுப்பு வீண்போகவில்லை. இலங்கையிலிருந்து சென்ற நக்குடா அலி வழக்கு, புடைவைக் கட்டுப்பாட்டதிகாரி வணிகரொருவரின் அனுமதிப்பத்திரத்தை நீக்கியமை பற்றியது. வணிகர் வேறு காரணத்தால் தோற்றாராயினும், இத்தகைய சட்டச்சொற்கள் தகுந்த காரணம் மெய்யாகவே இருத்தலை வேண்டுவன என்று 1950இற் கோமறைக் கழகம் கூறிற்று. 1941ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அன்றைய நிலையில் மன்னிக்கத்தக்கதாயினும், பிழையே என 1979இல் டிப்ளொக் பிரபு ஒப்புக்கொண்டார்.

அதே 1979இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அமைச்சரின் கட்டளையால் ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க இடந்தந்தது. அக்கட்டளையை எந்நீதிமன்றத்திலும் வினவலாகாதென்றும் விதித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அக்காலவெல்லையை 12 மாதமாகக் குறைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மகனைத் தேடிச் சிறைவாயில்தோறும் அலைந்த தாயரை நம்மூரார் நன்கறிவர்.

இடர்வந்தகாலை அரசுக்கு மிக்க அதிகாரம் வேண்டாமென்று எவருங் கூறார். ஆயினும், ‘இவரைப் பிடித்தது ஏன்?’ என்று கேட்பதற்கு ஒரு மன்றம் திறந்திருத்தல் வேண்டும். அது அடைபட்டவிடத்து நாட்டின் காவல் என்பது ஆள்வோரின் விருப்பமாய் முடியும். இதனை மாணவர் உளங்கொள்வாராக.