ஆயுதத்தைக் கீழே வைத்த கை
மார்ட்டின் லூதர் கிங்கின் அறப்போரும் அதன் எச்சமும்

1956ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில் ஓர் இளம் போதகரின் வீட்டு முகப்பில் வெடிகுண்டு வீசப்பட்டது. வீட்டினுள் அவர்தம் மனைவி கொரெட்டாவும், பிறந்து பத்து வாரமே ஆன பெண்மகவும் இருந்தனர். நல்வினைப் பயனாக இருவரும் காயமின்றித் தப்பினர். பொதுக்கூட்டம் ஒன்றில் இருந்த போதகர் செய்தி அறிந்து விரைந்து வந்தபோது, சினம் மூண்ட கறுப்பின மக்கள் வாயிலில் திரண்டிருந்தனர். சிலர் கைகளில் ஆயுதங்கள் இருந்தன. அவர் ஒரு சொல் கூறியிருப்பின் அந்நகரில் குருதி ஓடியிருக்கும். அவரோ, ஆயுதங்களை வீட்டிற்கு எடுத்துச் செல்லுமாறும், பகைவரையும் நேசிக்குமாறும் அமைதியான குரலில் வேண்டினார். கூட்டம் கலைந்தது. காந்தியடிகள் சுடப்பட்டு வீழ்ந்த நாளின் எட்டாம் ஆண்டு நிறைவு அன்றைய நாள் என்பது வரலாற்றின் வியத்தகு ஒற்றுமை.

அப்போதகரே மார்ட்டின் லூதர் கிங். அன்று அவருக்கு வயது 27.

பேருந்துப் புறக்கணிப்பு

அடிமை முறை ஒழிந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே நிலவியது. பள்ளி, உணவகம், குடிநீர்க் குழாய் என யாவும் வெள்ளையர்க்கு வேறு, கறுப்பர்க்கு வேறு. மாண்ட்கோமரிப் பேருந்துகளில் முன்னிருக்கைகள் வெள்ளையர்க்கு உரியவை. கறுப்பினத்தார் முன்வாயிலில் கட்டணம் செலுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பின்வாயில் வழியே மீண்டும் ஏற வேண்டிய இழிநிலையும் இருந்தது. அப்பேருந்துகளில் பயணம் செய்தோருள் நான்கில் மூவர் கறுப்பினத்தாரே.

1955 டிசம்பர் 1 அன்று தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் அம்மையார், வெள்ளைப் பயணிக்காக இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதானார். கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் இரவோடிரவாக ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளைப் படியெடுத்துப் பரப்பினார். டிசம்பர் 5 அன்று புறக்கணிப்புத் தொடங்கியது. அதனை வழிநடத்த அமைந்த சங்கத்தின் தலைமை, நகருக்குப் புதியவரான கிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

வீட்டு வேலை செய்த பெண்டிரும் முதியோரும் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தனர். ஏறத்தாழ 300 தனியார் மகிழுந்துகள் முறைவைத்து மக்களை ஏற்றிச் சென்றன. 381 நாட்கள் அந்நோன்பு நீடித்தது. பேருந்துகளில் நிறவேற்றுமை செல்லாது என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் 1956 நவம்பரில் உறுதி செய்தது. டிசம்பர் 21 அன்று கறுப்பின மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்து பயணம் செய்தனர்.

பயின்று பெற்ற அகிம்சை

இவ்வெற்றியினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, கிங்கின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றம். ஆயுதம் வேண்டாம் என வாயிலில் நின்று உரைத்த அவரே, வெடிகுண்டு வீச்சிற்குப் பின் துப்பாக்கி உரிமம் கோரி விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. அவர் இல்லத்திலும் துப்பாக்கிகள் இருந்தன. மனைவியையும் மகவையும் காக்க விழையும் கணவனின் அச்சம் அது. அதனைக் குறை கூற எவர்க்கும் நா எழாது.

அவ்வேளையில் மாண்ட்கோமரிக்கு வந்தவர் பேயார்ட் ரஸ்டின். 1948இல் இந்தியா வந்து காந்திய நெறியை நேரில் கற்றுச் சென்ற கறுப்பினப் போராளி அவர். கிளென் ஸ்மைலி என்னும் வெள்ளையரும் உடன் துணை நின்றார். அறப்போரின் தலைவர் வீட்டில் ஆயுதம் இருத்தல் போரின் வேரையே அரிக்கும் என அவர்கள் எடுத்துரைத்தனர். கிங் சிந்தித்தார், துப்பாக்கிகளை அகற்றினார். ஆயுதம் இருந்த நாட்களைக் காட்டிலும் அதனைத் துறந்த பின்னரே தம் அச்சம் குறைந்தது எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இத்துறவு வெறும் சொல்லாய் நின்றுவிடவில்லை. 1958 செப்டம்பரில் நியூயார்க்கில் மனநலம் குன்றிய பெண்ணொருத்தி கூரிய காகிதக் கத்தியை அவர் மார்பில் பாய்ச்சினாள். முனை பெருந்தமனியைத் தொட்டு நின்றது. உயிர் பிழைத்த கிங், அப்பெண்மீது தமக்குப் பகை இல்லை என அறிவித்து, அவளுக்கு வேண்டிய மருத்துவ உதவி கிடைக்கவேண்டும் என விரும்பினார்.

நெறி வந்த வழி

இந்நெறி கிங்கை அடைந்த வழி நீண்டது. இறையியல் மாணவராய் இருந்தபோது, இந்தியா சென்று திரும்பிய மார்டகாய் ஜான்சன் ஆற்றிய உரையின் வழியே காந்தியடிகளை அவர் அறிந்தார். அக்காந்தியடிகளோ, 1891இல் பம்பாயில் ஸ்ரீமத் ராஜ்சந்திரர் என்னும் சமணச் சான்றோரைக் கண்டு உளம் தோய்ந்தவர். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது அவருக்கே மடல் எழுதி விளக்கம் பெற்றவர். தம் வாழ்வில் ஆழ்ந்த முத்திரை பதித்த மூவராக ராஜ்சந்திரரையும் டால்ஸ்டாயையும் ரஸ்கினையும் தம் தன்வரலாற்றில் குறித்தவர்.

எனினும், கிங்கின் அகிம்சை முழுவதும் சமணத்தின் கொடை எனக் கூறுதல் முறையன்று. அவருக்கு ஊக்கம் அளித்தது ஏசுபெருமானின் மலைப்பொழிவு. செயல்முறை அளித்தது காந்தியடிகளின் சத்தியாக்கிரகம். உண்மைக்குப் பல கோணங்கள் உண்டு எனும் அநேகாந்தம் கற்றோர், பல ஊற்றுகள் கூடி ஆறாகும் இவ்வியல்பை எளிதில் உணர்வர்.

1959 பிப்ரவரியில் கிங் துணைவியாருடன் இந்தியா வந்து ஒரு திங்கள் தங்கினார். ராஜ்காட்டில் மலர்வளையம் வைத்தார். தமிழகத்திலும் பயணம் செய்து, குமரிமுனையில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டு நெகிழ்ந்தார். கேரளத்தில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டப்படாதவர் என அறிமுகம் செய்தார். கிங் முதலில் அதிர்ந்தார். பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கலிலும் உழலும் இரண்டு கோடி மக்களை எண்ணினார். அச்சொல் தமக்கும் பொருந்தும் என ஏற்றார். போற்றவே வந்த நாட்டில் அந்நாட்டின் புண்ணையும் அவர் கண்டார் என்பது இந்தியர் மறக்கலாகாத செய்தி.

வென்றவையும் நின்றவையும்

1963இல் பர்மிங்காம் நகரில் சிறுவர் சிறுமியர்மீது காவல் நாய்களும் நீர்ப்பீரங்கிகளும் ஏவப்பட்டன. அங்கு அறப்போரில் சேர்வோர், சொல்லாலும் கையாலும் உள்ளத்தாலும் வன்முறை தவிர்ப்பதாக உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. மனம், மொழி, மெய் என முக்கரணங்களையும் காக்கும் விரதத்தை அறிந்தோர்க்கு இவ்விதி புதிதன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசு கிங்கை அடைந்தது. பரிசுத் தொகையை இயக்கத்திற்கே ஈந்தார். செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரி வரை நடந்த பேரணியைத் தொடர்ந்து 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் 60 விழுக்காட்டை எட்டியது.

சட்டம் இருக்கையைத் தந்தது. வயிற்றுக்குச் சோறு தரவில்லை என்பதை உணர்ந்த கிங், இறுதி ஆண்டுகளில் வறுமைக்கும் வியட்நாம் போருக்கும் எதிராகக் குரல் எழுப்பினார். நண்பர் பலர் விலகினர். 1968இல் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் அழுத்துபொறியில் சிக்கித் துப்புரவுத் தொழிலாளர் இருவர் மாண்டனர். 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நான் ஒரு மனிதன் என்னும் ஒற்றை வாசகமே அவர்கள் ஏந்திய பதாகை. அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற இடத்தில் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. பன்னிரண்டு நாட்களில் நகராட்சி தொழிலாளரின் கோரிக்கைக்கு இணங்கியது.

இன்று அவர் பிறந்தநாள் அமெரிக்காவில் தேசிய விடுமுறை. கறுப்பினத்தவர் ஒருவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராய் இருமுறை பொறுப்பேற்றார். எனினும், வாக்குரிமைச் சட்டத்தின் காவலாய் நின்ற பகுதி ஒன்றை 2013இல் உச்சநீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. பெற்ற உரிமையும் பேணாவிடில் தேயும் என்பதற்கு இதுவே சான்று.

வள்ளுவம் கொல்லாமையை ஓர் அதிகாரமாகவும் இன்னா செய்யாமையைத் தனி அதிகாரமாகவும் வகுத்துள்ளது. உயிரைக் கொல்லாதிருத்தல் ஒரு படி. உயிர் நோவச் செய்யாதிருத்தல் அதனினும் நுண்ணிய படி. ஒரு மனிதனைப் பின்வாயில் வழியே ஏறச் செய்வதும், குப்பை அள்ளுவோரின் பெயர் கேளாது கடந்து செல்வதும் இன்னா செய்தலே. அந்தி சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, சிற்றுயிர்க்கும் இரங்கும் மரபில் வந்தோர், அவ்விரக்கம் வாயிலில் வந்து நிற்கும் மனிதரிடத்தும் குறைவின்றிச் சென்று சேர்கிறதா என எண்ணிப் பார்த்தல் தகும். துப்பாக்கி இருந்த வீட்டில் தொடங்கி அகிம்சையைப் பயின்ற ஒருவரின் வாழ்வு, அகிம்சையோடே பிறந்து வளர்ந்தோர்முன் வைக்கும் வினா அதுவே.