குண்டு விழுந்த தூரம்

நெய்வேலிக்காரர்களுக்குக் கடல் என்றால் கடலூர் சில்வர் பீச்தான். வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டி குள்ளஞ்சாவடியில் ஒரு டீ. செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பின்னால் போனால் கடலூர். அதன் கிழக்கு ஓரத்தில் தேவனாம்பட்டினம். அலையில் கால் நனைத்து, சுண்டல் கொறித்து, இருட்டும் முன் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். பக்கத்திலேயே, கெடிலம் கடலில் சேரும் இடத்தில், புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடப்பதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தக் கோட்டை கைமாறிய கதை வேடிக்கையானது.

1690. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருக்கிறார். முகலாயப் படை நெருக்குகிறது, பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைபேசுகிறது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் அப்போது ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் நிற்கிறது. பேரத்தில் கோட்டை மட்டும் இல்லை. அங்கிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை சுற்றிலும் உள்ள நிலமும் சேர்த்தி!

எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்று விற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. வாங்கியவர்கள் விவரமானவர்கள். நெடுந்தூரம் சுடும் பித்தளைப் பீரங்கியைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். செப்டம்பரில் திசைக்கொன்றாகக் குண்டுகள் பறந்தன. கடலூர்ப் பட்டினமும் சுற்றுவட்டக் கிராமங்களும் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. சங்கிலியும் அளவுகோலும் இல்லாமல் நடந்த இந்த நில அளவையின் ஞாபகம் கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடியின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக ஊரில் சொல்வார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, உள்ளூர் ஆள் வேஷத்தில் தப்பி இங்கே ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தரும் ஒருவர். 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடம் இதுதான். 1756-ல் அதே கிளைவ் இந்தக் கோட்டைக்கே ஆளுநராக வந்தார். சில மாதங்களில் வங்காளத்துக்குக் கப்பலேறினார். பிளாசி யுத்தம் அடுத்த ஆண்டு. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று பார்க்கக் கிடைப்பது அவர் விட்டுவைத்த செங்கல்தான்.

கடலூரிலிருந்து தெற்கே போனால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய களம். இப்போது வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதையும் தாண்டினால் பிச்சாவரம். படகு ஓடை ஓடையாக நுழைகிறது. சுரபுன்னை வேர்கள் கால் பரப்பி நீரில் நிற்கின்றன. நடுவே தில்லை மரம். பாலாக வடியும் அதன் சாறு கண்ணில் பட்டால் எரித்துவிடும், கை வைக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம் இதுதான். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ 1975-ல் இந்த ஓடைகளை ஊரறியச் செய்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது.

பிச்சாவரத்துக்குப் படகு உண்டு, சில்வர் பீச்சுக்கு பஸ் உண்டு. கெடிலக் கரைக் கோட்டையைப் பார்க்க மட்டும் வழி கேட்டுக் கேட்டுத்தான் போகவேண்டும். அடுத்த முறை சுண்டல் வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.